கொல்லைப்புற வாசலில் 5 வருடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரத் தலையங்கத்தில், 'சாலை விபத்து வழக்குகளில் மேல்முறையீடு என்பது ஓட்டுநர்கள் தப்பிக்கும் கொல்லைப்புற வாசலாகிவிட்டது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த வாசலில் 5 வருடம் நின்றவன் என்கிற முறையில் இரண்டு வார்த்தை எழுதுகிறேன். இரண்டோடு நிற்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

26 வருடம் லாரி ஓட்டினேன். ஒருநாள் விடிகாலையில் கண் அசந்துவிட்டது. சைக்கிளில் போன ஒருவர் இறந்துபோனார். தப்பு என்னுடையதுதான். கோர்ட்டில் வக்கீல் வேறு மாதிரி வாதாடினார், அது அவர் தொழில். அஜாக்கிரதையால் சாவு விளைவித்ததற்குப் போடும் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருடம். எனக்கு மாஜிஸ்திரேட் 1 வருடம் போட்டார். செஷன்ஸ் கோர்ட் 3 மாதமாகக் குறைத்தது. அந்த 3 மாதமும் உள்ளே இருந்துவிட்டுத்தான் வந்தேன். உங்கள் கணக்கில் நான் தப்பித்தவன். நல்லது.

மேல்முறையீட்டில் தண்டனை குறையத்தான் செய்யும் என்று யார் உங்களுக்குச் சொன்னார்கள்? மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-ல் கார் ஏறி 7 பேர் இறந்த வழக்கில், விசாரணை நீதிமன்றம் கொடுத்தது 6 மாதம். மேலே போனபோதுதான் அது 3 வருடமானது. 2012-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பஞ்சாபில் சௌரப் பக்ஷி என்பவர் மீதான விபத்து மரண வழக்கில் உயர் நீதிமன்றம் '24 நாள் இருந்தது போதும்' என்று விட்டதை, 2015-ல் உச்ச நீதிமன்றம் 6 மாதமாக்கியது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தலையங்கத்துக்குத் தோதாக இல்லை, அவ்வளவுதான்.

தோதான வழக்கு வேண்டுமென்றால் டெல்லி பி.எம்.டபிள்யூ. வழக்கை எடுத்திருக்கலாம். 1999-ல் 6 பேர் செத்தார்கள். கீழே 5 வருடம், உயர் நீதிமன்றத்தில் 2 வருடம். கடைசியில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் எடுத்துவிட்ட 'கொலை ஆகாத மரணம்' என்ற பெரிய பிரிவைத் திரும்பப் போட்டது. ஆனால் இருந்த 2 வருடமே போதும், 50 லட்சம் ரூபாய் கட்டு, சமூக சேவை செய் என்று முடித்தது. எனக்கும் இப்படி ஒரு தொகை சொல்லியிருந்தால் நான் எங்கே போவேன் என்று அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். சரி, அதை விடுங்கள். 2024-ல் புனே போர்ஷே விபத்தில் 2 பேர் இறந்ததும், ஓட்டியதாகச் சொல்லப்பட்ட பையனுக்கு முதலில் ஜாமீன் கொடுத்தபோது 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்களே. இந்தக் கடிதமே அதைவிட நீளம்.

எப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்று ஒரு வரி இருக்கும். முழு லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் ஊர்ந்து போனாலும் அதே வரிதான். அதிவேகம் என்று சொல்லிவிட்டால் மட்டும் குற்றம் நிரூபணமாகாது என்று 1998-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஸ்டேஷனில் அதை யார் படிக்கிறார்கள்?

என் வழக்கில் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து லாரியைப் பார்த்தார். பிரேக் சரி, ஸ்டியரிங் சரி, இயந்திரக் கோளாறு இல்லை என்று சான்று கொடுத்தார். ஓட்டினவன் எப்போதிலிருந்து தூங்கவில்லை என்று பார்க்க எந்த ஆய்வாளரும் இல்லை. முந்தின நாள் காலையில் வண்டி எடுத்தவன் நான். கூட வர வேண்டிய இன்னொரு டிரைவரைச் செலவு மிச்சம் என்று முதலாளி நிறுத்திவிட்டார். டிரைவருக்கு நாளுக்கு 8 மணி நேர வேலைதான் என்று 1961-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். முதலாளி பத்தே நாளில் கோர்ட்டிலிருந்து லாரியை மீட்டுக்கொண்டு போனார். என்னை மீட்க வரவில்லை.

இறந்தவரின் அண்ணன் தவறாமல் வாய்தாவுக்கு வருவார். என்னைப் பார்க்கவே மாட்டார். ஒருநாள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, "அன்னைக்கு நீங்க எத்தனை மணிக்கு வண்டி எடுத்தீங்க?" என்று கேட்டார். 8 வருட வழக்கில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மேல்முறையீட்டில் என் மனைவி, பிள்ளைகள், என் வயது எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்டனை போதாது என்று அரசு மேல்முறையீடு செய்யலாம், இறந்தவர் வீட்டுக்கு அந்த உரிமை இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. கோபப்பட ஆள் தேடுகிறீர்களே, அதைப் பற்றி ஒரு தலையங்கம் எழுதியிருக்கலாம்.

இப்போது 304ஏ போய், புதிய சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் 5 வருடம் வரை என்றாகிவிட்டது. யாருக்கு 5, யாருக்கு 5 மாதம் என்பதற்கு வழிகாட்டு நெறிமுறை வேண்டும் என்று, குற்றவியல் நீதி முறையைச் சீர்திருத்த அரசு போட்ட மலிமத் கமிட்டி 2003-ல் சொன்னது; இன்னும் வரவில்லை. விபத்தில் ஆள் இறந்து, போலீசுக்குச் சொல்லாமல் ஓடினால் 10 வருடம் வரை என்ற அந்தப் புதிய சட்டத்தின் பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தியபோது, 'அடாவடி' என்று தலைப்புப் போட்டது உங்கள் பத்திரிகைதான். மறக்கவில்லை.

என் விபத்துக்கு மறுநாளும் நீங்கள் ஒரு தலைப்புப் போட்டீர்கள்: 'லாரி மோதி ஒருவர் பலி, டிரைவர் தப்பி ஓட்டம்'. ஓடினது உண்மைதான். கூட்டம் அடிக்க வந்தது, நேரே ஸ்டேஷனுக்கு ஓடி அங்கே பெஞ்சில் உட்கார்ந்தேன். அடிபட்டவருக்கு வைத்தியம் பார்க்க வழி செய்வது டிரைவரின் கடமை; ஆனால் கூட்டத்தின் ஆவேசத்தால் அது முடியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவே அதற்கு விலக்குத் தருகிறது. நான் கேட்பது ஒன்றுதான். இனிமேல் 'தப்பி ஓட்டம்' என்று அச்சுக்கோப்பதற்கு முன்னால், உங்கள் நிருபரை ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டு, ஆள் அங்கே இருக்கிறானா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் லாரி ஓட்டுநர்
(பெயர் வெளியிட வேண்டாம்)