டி செல்லா, மானோசைட்டா?

வேலூர்

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. மற்றபடி எல்லோரும் நலம். டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணு) ஏற்பியைத் தூண்டும் சிடி3 ஆன்டிபாடியோடு, கிருமியை உணரும் டிஎல்ஆர்2 ஏற்பியைத் தூண்டும் லிப்போபெப்டைடு (கொழுப்பு ஒட்டிய சிறு புரதத் துண்டு) சேர்த்ததும், இன்டர்லூக்கின்-2 என்ற சைட்டோகைன் (செல்கள் சுரக்கும் செய்திப் புரதம்) கூடுகிறது என்று எழுதியிருக்கிறாய். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை உணர்ந்தது டி செல்லா, கூட ஒட்டிவந்த மானோசைட்டா (இன்னொரு வகை வெள்ளணு) என்பது இன்னும் தெளியவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

டி செல்லை, அதன் மேற்பரப்பு அடையாளப் புரதமான சிடி4-க்கு எதிரான ஆன்டிபாடியால் நேராகப் பிடித்தெடுக்காதே. மனித மானோசைட்டின் மேலும் சிடி4 கொஞ்சம் உண்டு, அதுவும் கூடவே வந்துவிடும். வேண்டாத செல்களைக் காந்த மணியில் ஒட்டி நீக்கி, டி செல்லைத் தொடாமல் விடு. பிறகு மானோசைட்டின் அடையாளமான சிடி14-க்குச் சாயம் போட்டு ஃபுளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) பார். நூற்றுக்கு ஒன்று மானோசைட் மிஞ்சினாலும் அது டி செல்லுக்குத் துணைத் தூண்டல் தரும் சிடி86-ஐ உயர்த்தி, சைட்டோகைன் சுரந்து கணக்கை மாற்றிவிடும். லிப்போபெப்டைடு மட்டும் போட்ட குழியில் இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் ஏறினால் முதலில் மானோசைட்டைத்தான் சந்தேகி. வெயில் நாளில், ரத்த வெள்ளணுக்களைப் பிரிக்கும் ஃபைகால் கரைசலையும் கவனி: சென்ட்ரிஃபியூஜில் (சுழற்றும் கருவி) 18–20 டிகிரி, 400 ஜி, 30 நிமிடம், பிரேக் இல்லாமல். அறை சூடானால் லிம்போசைட் (டி செல் சேர்ந்த வகை) குறையும்.

சிடி3 ஆன்டிபாடியை நிறைய போட்டால் சிக்னல் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும். டிஎல்ஆர்2 கூட்டுவதற்கு இடமே இருக்காது. 1 மைக்ரோகிராமில் தொடங்கி மும்மூன்று மடங்காகக் குறைத்து, பாதிக்கும் கீழே பதில் வரும் அளவைப் பிடி. டிஎல்ஆர்2, மைடி88 என்ற இணைப்புப் புரதம் வழியாக, மரபணுக்களை இயக்கும் புரதங்களான என்எஃப்-கப்பாபியையும் ஏபி-1-ஐயும் தூண்டும். கால்சியம் ஏறி, அதே வகைப் புரதமான என்ஃபாட் உட்கருவுக்குள் போவதற்கு டி செல் ஏற்பியே வேண்டும். இன்டர்லூக்கின்-2 மரபணுவுக்கு மூன்றும் தேவை. அதனால்தான் லிப்போபெப்டைடு தனியாக அதைக் கொண்டுவருவதில்லை.

நான் அதிகம் நம்புவது முதல் சில நிமிடங்களைத்தான். மானோசைட்டில் புதிதாக சைட்டோகைன் உருவாகிச் சுரக்க அதற்குள் நேரமில்லை; அப்போது டி செல்லில் தெரிவது பெரும்பாலும் அதன் சொந்தப் பதில். கரைந்த நிலையிலுள்ள சிடி3 ஆன்டிபாடியை இரண்டாம் ஆன்டிபாடியால் பிணைத்து, 5, 10, 15, 30 நிமிடங்களில் பாஸ்போ-ஈஆர்கே (சிக்னல் வந்ததும் பாஸ்பேட் ஏறும் புரதம்) பார். அந்தந்த நேரத்தில் செல்களை அப்படியே நிலைநிறுத்த ஃபார்மால்டிஹைடை நேராகக் குழாயிலேயே ஊற்று, கடைசி அளவு 1.6 சதவீதம், 10 நிமிடம். பிறகு ஆன்டிபாடி செல்லுக்குள் போக, பனிக்கட்டியின் மேல் குளிர்ந்த 90 சதவீத மெத்தனால், அரை மணி. மெத்தனாலில் பிஇ, ஏபிசி என்ற ஒளிரும் சாயங்கள் கெட்டுவிடும். மேற்பரப்புச் சாயத்துக்கு அலெக்சா வகை எடு.

எல்பிஎஸ் என்ற பாக்டீரிய நச்சைக் கட்டிப்போடும் பாலிமிக்சின்-பி சேர்த்து ஒரு குழி வை. எல்பிஎஸ் கலப்பு என்றால் பதில் விழும், லிப்போபெப்டைடு என்றால் நிற்கும். காசநோய்க் கிருமியின் எல்பிஆர்ஜி லிப்போபுரதமும் டிஎல்ஆர்2 வழியாக நினைவு டி செல்லை (முன்பே கிருமியைச் சந்தித்த டி செல்) தூண்டும் என்பதால், அதன் அடையாளமான சிடி45ஆர்ஓ உள்ள செல்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பார்த்ததும் எழுது.

அன்புடன்,
முருகன்