கதையை ஊகிக்க முடிந்தால் அது குறையா? கேம் விமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் விமர்சனம் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் ரிவியூக்களைப் படித்துவிட்டுத்தான் கேம் வாங்குகிறவன் நான். கிராபிக்ஸ், கண்ட்ரோல், சண்டைமுறை பற்றி நீங்கள் சொல்வதில் எனக்குப் பெரிய தகராறு இல்லை. கதைப் பகுதிக்கு வந்ததும் மட்டும் ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிறது: “லோர் (கேம் உலகின் பின்கதை) பழகியதுதான், முடிவை முன்பே ஊகித்துவிடலாம்.” அதைக் குறைகளின் பக்கம் தள்ளி, மதிப்பெண்ணைக் கழித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறீர்கள். ஊகிக்க முடிந்ததால் எது கெட்டது என்று சொல்வதே இல்லை.

உங்கள் சலிப்பு புரியாமல் இல்லை. நினைவிழந்து கண்விழிக்கும் நாயகன், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன மகா நாகரிகம், சிறைவைக்கப்பட்ட தீயசக்தி, அது விடுபடும் நேரம் பார்த்துப் பிறக்கும் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவன்’. வருடம் முழுக்க இதையே விளையாடுகிறவருக்குக் கொட்டாவி வரத்தான் செய்யும். ஆனால் இவற்றுக்கெல்லாம் எழுத்தாளரின் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. விளையாட உட்காரும்போது அந்த உலகத்தைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. நாயகனுக்கும் தெரியாமல் இருந்தால்தான், வளர்ந்த ஆள் ஒருவன் வழியில் பார்ப்பவரிடமெல்லாம் “இந்த நாட்டுக்கு ராஜா யார்?” என்று கேட்பது இயல்பாக இருக்கும். நாகரிகம் அழிந்துவிட்டது என்றால் இடிபாடுகள் போதும்; ஒரு நகரத்து மக்களை உருவாக்கி, நடமாடவிட்டு, குரல் கொடுக்க வேண்டியதில்லை. (ஆளே இல்லாத பாழ்மண்டபத்தில் தீப்பந்தங்களை யார் ஏற்றிவைத்தார்கள் என்று கேட்கக் கூடாது.) வில்லன் அடைபட்டுக் கிடந்தால்தான் நாம் நாள்கணக்கில் மீன்பிடித்து, மூலிகை பறித்து ஊர் சுற்றினாலும் உலகம் அழியாமல் காத்திருக்கும். கேம் என்ற வடிவம் கேட்ட தேவைகள் இவை. தேவை மாறாதவரை விடைகளும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

2017இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ இந்தப் பழைய சரக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிய கேம். நூறு ஆண்டு உறங்கி நினைவில்லாமல் எழுகிறான் நாயகன் லிங்க். சுற்றிலும் இடிபாடு. கோட்டையில் வில்லன் கேனன் காத்துக்கிடக்கிறான். இந்த கேம் சேர்ந்த செல்டா வரிசை 1986இலிருந்து ஏறக்குறைய இதையேதான் சொல்லிவருகிறது. 2011இன் ‘ஸ்கைவர்ட் ஸ்வோர்டு’ அந்தத் திரும்பத் திரும்ப நிகழ்தலுக்கே ஒரு சாபத்தைக் காரணமாக்கி, பழக்கத்தை லோராக மாற்றிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான். பிரெத் ஆஃப் தி வைல்டில் தொடக்கப் பகுதியை முடித்தவுடன் நேரே கோட்டைக்கு ஓடி கேனனோடு மோதலாம். முடிவு என்ன என்பதில் ரகசியமே இல்லை. எப்போது, எவ்வளவு தயாராகி என்பது மட்டும் நம் கையில். லிங்க்கின் நினைவுகள் நிலப்பரப்பெங்கும் சிதறிக் கிடக்கின்றன, எந்த வரிசையில் வேண்டுமானாலும் கண்டெடுக்கலாம். இழந்தாயிற்று என்று தெரிந்த பிறகு பார்ப்பதால்தான் அந்தச் சின்னச் சின்னக் காட்சிகள் கனக்கின்றன. வரிசை மாறினாலும் குலையாத கதையிடம் அதிர்ச்சியைக் கேட்டு என்ன பயன்?

இன்னும் பிடிவாதமான உதாரணம் ‘ஹேலோ: ரீச்’ (2010). ரீச் என்ற கோள் வீழ்ந்துவிட்டது என்பது 2001இல் வந்த முதல் ஹேலோவிலேயே முடிந்துபோன விஷயம். ‘ஆரம்பத்திலிருந்தே முடிவு உங்களுக்குத் தெரியும்’ என்ற பொருளில் விளம்பரமே செய்தார்கள். கேம் தொடங்குவதே தரையில் கிடக்கும் உடைந்த தலைக்கவசத்தைக் காட்டித்தான். பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்ததும் கடைசியாக ஒரு களம் வருகிறது. அங்கே உங்களுக்குத் தரப்படும் இலக்கு உயிர்பிழைப்பது மட்டுமே. எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள், தலைக்கவசத்தில் விரிசல் விழுந்துகொண்டே போகும், பிழைக்க வழியே கிடையாது. எல்லாம் தெரிந்தும் துப்பாக்கியைக் கீழே போட மனம் வருவதில்லை. சினிமா என்றால் அந்தச் சாவைப் பார்த்துக்கொண்டிருப்போம். இங்கே சாகமாட்டேன் என்று அடம்பிடிப்பது நம் விரல்கள். முடிவு தெரியாமல் இருந்திருந்தால் அது வெறும் கஷ்டமான ஒரு லெவல், அவ்வளவே.

“ட்விஸ்ட் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். ‘பயோஷாக்’ (2007) வந்து வெகுகாலமாகிவிட்டது, அதனால் சொல்கிறேன்: ரேடியோவில் வரும் குரல் சொன்னதையெல்லாம் நாம் கேள்வி கேட்காமல் செய்கிறோம், கேம்களில் அப்படித்தானே வழக்கம் என்று. அந்தக் கீழ்ப்படிதலையே பொறியாக்கியதுதான் அங்கே அடி. பழகிய வழக்கம் ஒன்று இல்லாவிட்டால் அந்த ட்விஸ்டுக்கு நிற்க இடமில்லை.

யாருமே ஊகிக்காத முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு ‘மாஸ் எஃபெக்ட் 3’ இருக்கிறது. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த நாகரிகங்களை அறுவடை செய்யும் ரீப்பர் இயந்திரங்கள்: இதைவிடப் பழகிய லோர் கிடையாது, மூன்று கேம்கள் முழுக்க ரசிகர்கள் அதோடு மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள். கடைசி நிமிடங்களில் குழந்தை வடிவில் புதிதாக ஒன்று தோன்றி, எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது நான்தான் என்றது. 2012 மார்ச்சில் கேம் வந்தது. எழுந்த கொதிப்பில், அதே ஆண்டு ஜூனில் முடிவை விரிவாக்கி இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழந்தையை யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுவரை நாம் எடுத்த முடிவுகளுக்கும் அதற்கும் ஒட்டுறவும் இல்லை.

தெரிந்த கதை எல்லாம் நல்ல கதை என்று வாதாடவில்லை. ‘டார்க் சோல்ஸ்’ (2011) அணையும் நெருப்பையும் வீழ்ந்த அரசர்களையும் பொருள்களின் குறிப்புகளில் துண்டுதுண்டாக ஒளித்துவைத்தது. பிறகு எத்தனையோ கேம்கள் அந்தச் சாம்பலை மட்டும் அள்ளிக்கொண்டு போயின. மூலத்தில் நெருப்பை மூட்டுவதா, விட்டுவிட்டு நடப்பதா என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும். 2016இன் மூன்றாம் பாகத்தில் மறுபடி மூட்டினால் நெருப்பு முன்போலக் கொழுந்துவிட்டு எரியாது, சோர்ந்துபோய்ப் பற்றும். திரும்பத் திரும்பச் சொன்னதையே கதையாக்கினார்கள். நகல்களில் குறிப்பு இருக்கிறது, படித்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இன்னொரு வகையும் உண்டு: “விடிவதற்குள் தடுத்தாக வேண்டும்!” என்று கட்சீன் (இடையில் ஓடும் கதைக்காட்சி) கத்தும், அடுத்த நொடி மேப்பில் நூறு இறகுகளைப் பொறுக்கச் சொல்லும். இவற்றுக்கு நீங்கள் மதிப்பெண் கழித்தால் நானும் கூட நிற்பேன்.

ஆகவே ஒரு விண்ணப்பம். அடுத்தமுறை ‘ஊகிக்க முடிகிறது’ என்று எழுதினால், பக்கத்திலேயே இன்னொரு வரி சேருங்கள்: முடிவு தெரிந்ததால் நீங்கள் விளையாடிய விதத்தில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை என்றால் தாராளமாகக் கழியுங்கள்.

கூடவே, ‘யாரும் எதிர்பாராத ட்விஸ்ட் உண்டு’ என்று தலைப்பிலேயே போடுவதை நிறுத்துங்கள். அதைப் படித்துவிட்டு உட்காருகிறவன் கதையை விட்டுவிட்டு, கூட வரும் ஒவ்வொரு பாத்திரத்தையும் துரோகியா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே விளையாடுகிறான்.

இப்படிக்கு,
உங்கள் ரிவியூக்களைத் தவறாமல் படிக்கும் ஒருவன்