அந்த ஆவணியில் எனக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

இதை ஒவ்வொருவரிடமும் நேரில் வந்து சொல்லத்தான் ஆசை. ஆனால் உங்களில் பலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. ஸ்கேன் அறையில் இருந்த டாக்டர், இரவு டியூட்டி நர்ஸ், போனில் பேசிய பெண் என்று எல்லோரையும் எங்கே போய்த் தேடுவது? அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். தெரிந்தவர்களின் பெயரையும் போடவில்லை. படித்தால் உங்களுக்கே புரியும்.

2023 ஆவணியில், 20 வாரம் தாண்டிய நிலையில், எங்கள் முதல் குழந்தையைக் கருக்கலைப்பு செய்துகொண்டேன். சொந்தபந்தங்களிடம் தானாகவே கலைந்துவிட்டதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அப்படியில்லை. டாக்டர்களோடு பேசி நானும் என் கணவரும் எடுத்த முடிவு அது. இங்கே அதை மறைத்தால், எதற்காக நன்றி சொல்கிறேன் என்பதே புரியாமல் போய்விடும்.

முதலில் ஸ்கேன் டாக்டர் அம்மாவுக்கு. ஐந்தாம் மாத ஸ்கேனில் நீங்கள் திடீரென்று பேச்சை நிறுத்தியபோதே எனக்குப் பகீரென்றது. ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பாமல், என் கணவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னீர்கள். குழந்தைக்கு இரண்டு கிட்னியுமே உருவாகவில்லை. பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான். அது இல்லாவிட்டால் நுரையீரல் வளராது, பிறந்தாலும் மூச்சுவிட முடியாது. நான் பப்பாளி சாப்பிட்டதாலா, தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போனதாலா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக "இல்லம்மா" என்றீர்கள். கரு உண்டான முதல் சில வாரங்களிலேயே நடந்துபோன விஷயம் அது, நீ எதுவும் செய்யவில்லை என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் பல இரவுகள் தூங்கினேன்.

அப்புறம் எங்கள் பிரசவ டாக்டருக்கு. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டதையும், 20 வாரத்துக்கு மேல் 24 வாரம் வரை என்றால் இரண்டு டாக்டர்கள் ஒப்புதல் தர வேண்டும் என்பதையும் நீங்கள்தான் விளக்கினீர்கள். கூட வந்திருந்த பெரியவர் ஒருவர், வீட்டு ஆம்பளைங்க கையெழுத்து வேண்டாமா என்று கேட்டார். "பதினெட்டு வயசு முடிஞ்ச பொண்ணு. இந்தக் கையெழுத்து இந்தப் பொண்ணோடது மட்டும்தான்" என்றீர்கள். என் கணவர் எதற்கும் தடை சொல்பவர் இல்லை. ஆனாலும் அன்றைக்கு என்னை ஒரு ஆளாக மதித்துப் பேசியது நீங்கள்தான்.

நர்ஸ் அக்கா, உங்களை எப்படி மறப்பேன்? மாத்திரை கொடுத்து வலி வரவைத்த அந்த இரவில், பச்சைக் குழந்தைகளின் அழுகை கேட்காத கோடி அறைக்கு என் கட்டிலை நீங்களே தள்ளிக்கொண்டு போனீர்கள். எல்லாம் முடிந்ததும், "பார்க்கணும்னா பார்க்கலாம் கண்ணு, வேண்டாம்னாலும் தப்பில்ல" என்றீர்கள். பார்த்தேன். வெள்ளைத் துண்டில் சுத்தமாகச் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து காட்டினீர்கள். ஆணா பெண்ணா என்று இங்கே எழுத மாட்டேன், அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும். பார்க்காமல் வந்திருந்தால் என் மனசு இன்னும் எதையெதையோ கற்பனை செய்துகொண்டிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தும் நெஞ்சு கல்லாகக் கனத்தது. அம்மாயி பூக்காரம்மாவிடம் மல்லிகைச் சரம் வாங்கி வந்து, மார்பில் வைத்து மெல்லிய துணியால் கட்டிவிட்டார். பால் வற்ற ஊரில் செய்வதுதான். (வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 1988-இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம், பின்னால் தெரிந்துகொண்டேன்.) கட்டிக்கொண்டே, தனக்கும் ஒரு பிள்ளை தங்காமல் போனதை முதல்முறையாகச் சொன்னார். அம்மாவுக்குக்கூட அது தெரியாது. அம்மாயி, இத்தனை வருசம் உள்ளேயே வைத்திருந்ததை எனக்காக வெளியே எடுத்தீர்களே.

ஆபீஸில் என் சீட்டுக்கு எதிரே உட்காரும் அக்காவுக்கும் நன்றி. இருக்கிற லீவைக் கழித்துக்கொள்ளலாம் என்றுதான் மேலதிகாரிகள் சொன்னார்கள். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில் கருச்சிதைவுக்கு மட்டுமல்ல, கருக்கலைப்புக்கும் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று அந்தப் பிரிவையே பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டியது நீங்கள். என்ன காரணம் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விடுப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகுதான் உண்மையில் உடைந்தேன். "மறந்துடு, சின்ன வயசுதானே, அடுத்தது பெத்துக்கலாம்" என்று சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அதைக் கேட்கக் கேட்க வாயை மூடிக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை. முடிவெடுத்தது நான்தானே, அப்படியிருக்க அழ எனக்கு உரிமை உண்டா என்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நள்ளிரவில் 14416-க்குப் போன் செய்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய, மனநல உதவிக்கான டெலி மானஸ் என்ற அரசு சேவை அது. காசு கிடையாது, எந்நேரமும் தமிழில் பேசலாம். எடுத்த சகோதரி நான் அழுது முடிக்கும்வரை வைத்துவிடவில்லை. "அழுகை வர்றதால முடிவு தப்புன்னு ஆயிடாதுங்க, ரெண்டும் வேற வேற" என்றார். அவர் சொல்லித்தான் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்கே இருந்த ஆலோசகர் மேடம் என் கணவரையும் கூட்டிவரச் சொன்னார். அதுவரை அவரிடம் நீ எப்படி இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அவருடைய நண்பர் ஒருவர் மட்டும் ராத்திரி ராத்திரி வந்து டீக்கடைக்குக் கூட்டிப்போவார். தம்பி, உங்களுக்கும் நன்றி.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். என் குழந்தைக்குப் பிழைக்க முடியாத குறை இருந்ததால் எனக்கு அனுதாபம் சுலபமாகக் கிடைத்தது. குடும்பச் சூழ்நிலையால் கலைத்தவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள், கருத்தடை தவறியவர்கள் என்று எத்தனையோ பெண்களுக்கு அது கிடைப்பதில்லை, "பாவம் பண்ணிட்டா" என்ற பேச்சுதான் கிடைக்கிறது. கல்யாணம் ஆகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடுகள் இன்னும் சொல்லவில்லை. எனக்கு உதவிய நீங்கள் யாரும் காரணத்தை எடைபோட்டு உதவியவர்கள் இல்லை. என் இடத்தில் அந்தப் பெண்களில் ஒருத்தி இருந்திருந்தாலும் இதையேதான் செய்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதனால்தான் உங்கள் மேல் இவ்வளவு மரியாதை.

கடைசியாக என் அத்தைக்கு. பிரசவத் தேதி தை மாதத்தை ஒட்டித்தான் வந்திருக்கும். அந்த நாட்கள் கஷ்டமாக இருக்கும் என்று ஆலோசகர் மேடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அப்படியேதான் இருந்தது. பொங்கலன்று அடுப்படியில் நிற்க முடியாமல் திணறியபோது, "நீ உள்ள போய்ப் படு கண்ணு, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். வந்த விருந்தாளிகள் கேட்டதற்கு, "அவளுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல" என்று உள்ளதை உள்ளபடி சொன்னீர்கள். தலைவலி, காய்ச்சல் என்று எதையும் சொல்லி மூடவில்லை. அத்தை, அன்றைக்குத்தான் இந்த வீடு என் வீடு என்று தோன்றியது.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து உங்களில் ஒருத்தி