ஆண்டறிக்கை: அரச ஆவணங்களும் யூதர் தாயகம் திரும்புதலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்ட யூதர் தாயகம் திரும்பிய வரலாற்றை அக்கால அரச ஆவணங்களோடு ஒப்பிட்டுப் படிப்பதையே நமது வரலாற்று வாசகர் மன்றம் இவ்வாண்டு மேற்கொண்டது.

முதலில் எடுத்துக்கொண்டது, 1879இல் பாபிலோனில் கண்டெடுக்கப்பட்டு இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் சைரஸ் உருளை என்ற களிமண் கல்வெட்டு. கிமு 539இல் அந்நகரைக் கைப்பற்றிய பாரசீக மன்னர் சைரஸ் (திருமறையாகிய விவிலியத்தில் கோரேஸ்), பாபிலோனின் தலைமைத் தெய்வமான மர்தூக்கே தம்மைத் தேர்ந்ததாகவும், டைக்ரிஸ் ஆற்றுக்கு அப்பாலிருந்த ஊர்களின் தெய்வங்களையும் மக்களையும் அவரவர் இடங்களில் மீண்டும் அமர்த்தியதாகவும் அதில் கூறுகிறார். எருசலேமைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லாதது உறுப்பினர் சிலருக்கு ஏமாற்றமே. அதை மனித உரிமைச் சாசனம் என்று போற்றுவதும் மிகையென்றே கருதுகிறேன். எனினும், யூதர் தாயகம் திரும்பி எருசலேம் ஆலயத்தைக் கட்டலாம் என்று அவர் அளித்ததாகத் திருமறையின் எஸ்றா நூல் கூறும் அனுமதி அம்மன்னரின் போக்குக்கு முரணானதன்று.

எஸ்றா 6ஆம் அதிகாரமே நீண்ட விவாதத்துக்கு இடமளித்தது. ஆலயம் கட்ட யார் உத்தரவிட்டது என்று ஆளுநர் தத்னாய் கேட்டு எழுத, பிற்காலப் பாரசீக மன்னர் தரியு காப்பகங்களைத் தேடச் செய்கிறார். மேதியரின் தலைநகரான அக்மேதாவின் (எக்பட்டானா) அரண்மனையில் அகப்பட்ட, சைரஸின் ஆணை அடங்கிய சுருளில் கட்டடத்தின் அளவும், கல் வரிசையும், செலவு அரண்மனையைச் சேர்ந்தது என்ற குறிப்பும் இருக்கின்றன. பக்திப் பேச்சு சிறிதுமற்ற, கோப்புக் குறிப்பைப் போன்ற அந்த அரமேய மொழி நடையே அதற்கு நம்பகம் தருகிறது என்றனர் சிலர். கிமு 502ஆம் ஆண்டுப் பாபிலோனியப் பலகை ஒன்றிலும் இந்த ஆளுநரின் பெயர் வருகிறது.

என்னைப் பொறுத்தவரை, அரசாணைகளைவிடச் சிறு களிமண் பலகைகளே அதிகம் பேசின. சிறைப்பட்ட யூதா அரசன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து மைந்தருக்கும் அளந்த எண்ணெய்க் கணக்கு, யூதரைச் சிறைகொண்டு போன பாபிலோன் மன்னர் நேபுகாத்நேச்சாரின் அரண்மனையில் கிடைத்தது. ஆய்வாளர் எர்ன்ஸ்ட் வைட்னர் அதை 1939இல் வெளியிட்டார். பாபிலோனிய நாட்டில் இருந்த அல்-யாகூது எனும் யூதர் குடியிருப்பைச் சார்ந்த ஒப்பந்தங்களோ, ஏறத்தாழ கிமு 572 முதல் 477 வரை, அதாவது அனுமதி கிடைத்த பின்னும் இரண்டு தலைமுறை, அவர்களுள் பலர் அங்கேயே பயிரிட்டு வரி செலுத்தி வாழ்ந்ததைக் காட்டுகின்றன. எல்லாரும் திரளாகப் புறப்பட்டனர் என்ற எண்ணம் இதனால் திருத்தம் பெற்றது.

வரும் ஆண்டில், எகிப்தின் எலிபண்டைன் தீவில் வாழ்ந்த யூதர்கள், இடிக்கப்பட்ட தங்கள் ஆலயத்தைத் திரும்பக் கட்டத் துணைபுரியுமாறு கிமு 407இல் யூதேயா ஆளுநருக்கு எழுதிய மனுவைப் படிக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது. வரவுசெலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்