தேர்வு மையத்தைக் கிருஷ்ணகிரிக்கோ தர்மபுரிக்கோ கொண்டுவாருங்கள்

தொலைநிலைக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. நான் உங்களிடம் மனிதவள மேலாண்மையில் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் காவேரிப்பட்டணம். விண்ணப்பத்தில் கிருஷ்ணகிரி மையத்தைக் கேட்டதும், தேர்வுக்கு நாலு நாள் முன்னால் ஹால் டிக்கெட்டில் சேலம் என்று வந்ததும், உங்கள் அலுவலகத்துக்கு எத்தனை பேர் போன் செய்தோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது தெரிந்திருக்காது. அதற்காகத்தான் இந்த மடல்.

அன்று 'பயிற்சியும் மேம்பாடும்' தாள். நான் ஆறு வருஷமாகச் செய்துவரும் வேலையே அதுதான். செருப்புக் கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்பிள்ளைகளைத் தையல் லைனில் உட்கார வைப்பதற்கு முன் பழக்கி எடுப்பது என் பொறுப்பு. எந்தத் தாள் போனாலும் இந்தத் தாள் போகாது என்று நம்பியிருந்தேன்.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு விடியற்காலை ஐந்தரைக்கு பஸ் ஏறினேன். தர்மபுரி வரை தடங்கல் இல்லை. தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அந்த இறக்கத்தில் இது புதிதல்ல, எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏழேகாலுக்கு நின்ற பஸ் ஒன்பதரை வரை நகரவில்லை. அதே பஸ்ஸில் பென்னாகரத்து அண்ணன் ஒருவர், ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர், மடியில் புத்தகத்தை விரித்தபடியே இருந்தார். அவரும் உங்கள் மாணவர்தான். சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது மணி 10.40. கேட்டைப் பத்தரைக்கே பூட்டிவிட்டார்கள். வாட்ச்மேன் மேல் குற்றமில்லை, "மேலே கேட்டுட்டேம்மா, விட மாட்டேங்கிறாங்க" என்று இரண்டு தரம் உள்ளே போய்வந்து சொன்னார். ஹால் டிக்கெட் போட்டிருந்த பிளாஸ்டிக் கவர் என் கை வியர்வையில் நனைந்திருந்தது. அந்த அண்ணன் ஒன்றும் பேசவில்லை. எதிர்ப்பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

இனி ஆறு மாதம் கழித்துத்தான் அந்தத் தாள். மறுபடி கட்டணம், மறுபடி லீவு. இந்தப் பட்டத்தை நம்பிக் கம்பெனியில் எனக்குச் சொல்லியிருந்த பதவி உயர்வும் தள்ளிப்போகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ ஒரு மையம் வேண்டும். "அந்தப் பக்கம் மாணவர்கள் போதவில்லை" என்று போனில் பதில் சொன்னார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 40 பேருக்கு மேல் இருக்கிறோம். ஒரு பகுதியில் சேர்ந்த மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தேர்வு மையம் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன, பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. குரூப் 4 தேர்வைத் தாலுகா தாலுகாவாக நடத்த முடிகிறது. உங்களால் இரண்டு மாவட்டத்துக்கு ஒரு மையம் வைக்க முடியாதா?

எழுத உட்கார்ந்த பிறகு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் அனுப்பிய புத்தகத்தில் இன்னும் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டமும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும்தான் (வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி பற்றியது) இருக்கின்றன. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் வந்து, "அக்கா, எங்களுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுவிட்டி உண்டாமே, நிஜமா?" என்று கேட்டாள். உண்டு. ஆனால் உங்கள் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருந்தால், ஐந்து வருஷம் ஆக வேண்டும் என்று சொல்லி அவள் பணத்துக்கே உலை வைத்திருப்பேன். அந்தப் புத்தகமும் தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது.

அதே புத்தகத்தில், பயிற்சி தொடங்குமுன் பயிற்சி பெறுபவரின் தேவையையும் சூழ்நிலையையும் கேட்டறிய வேண்டும் என்று ஒரு முழுப் பாடம் இருக்கிறது. நான் கம்பெனியில் அப்படித்தான் செய்கிறேன். எந்த ஊர், எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்ட பிறகுதான் ஒரு பெண்ணுக்கு நேரம் குறிப்பேன். எங்களை யாரும் கேட்கவில்லை ஐயா.

சரி, புத்தக விஷயத்தைத் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு, அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கும் முன்பே கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ மையம் உண்டு என்று அறிவித்துவிடுங்கள். அன்று கணவாயில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த ஒரு தாளின் கட்டணத்தை மட்டும் தள்ளுபடி செய்யுங்கள். பஸ் டிக்கெட்டை இரண்டு பேரும் பத்திரமாக வைத்திருக்கிறோம், கேட்டால் அனுப்புகிறோம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
இரண்டாம் ஆண்டு மாணவி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.