ஹெங்கெமாட்டெ ஜெர்மன்காரனோட சொந்தச் சரக்கு இல்ல

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஜெர்மன் கூட்டுச்சொல் பத்தி போட்டிருந்தீங்க. ரெண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டுப் படுக்கற தூளிக்கு, அதான் ஹேமக், அவங்க சொல்ற ஹெங்கெமாட்டெயைப் பிரிச்சு, ஹெங்கென்னா தொங்கறது, மாட்டென்னா பாய், ஆகமொத்தம் தொங்குபாய், எவ்ளோ லாஜிக்கா பேர் வைக்கிறான் பாருங்கன்னு ஒரே பாராட்டு. பிரிச்சதெல்லாம் சரி சார், பேர் வச்சதுதான் அவன் இல்ல.

கரீபியன் தீவுகள்ல இருந்த டைனோ ஜனங்களோட வார்த்தை அது, அவங்க சொன்னது ஹமாக்கா. 1492-ல கொலம்பஸ் ஆளுங்க போனப்ப அங்க எல்லாரும் வலை மாதிரி தூளியில படுத்திருந்தாங்க, ஸ்பானிஷ்காரங்க பேரை அப்படியே எடுத்துக்கிட்டாங்க, இங்கிலீஷ் ஹேமக்கும் அதுலேர்ந்து வந்ததுதான். டச்சுக்காரன் வாய்ல விழுந்தப்பதான் கூத்து, அவனுக்கு ஹமாக்கா ஹாங்மாக் ஆகி அப்புறம் ஹாங்மாட் ஆயிடுச்சு, அவன் பாஷையில ஹாங்னா தொங்கு, மாட்னா பாய், பொருளும் கச்சிதமா உக்காந்துடுச்சா, விடுவானா? அதைப் பார்த்து ஜெர்மன்காரன் ஹெங்கெமாட்டென்னு ஆக்கிக்கிட்டான்.

இது எப்படி நடக்கும்னு எங்க வீட்லயே பார்த்தேன். சின்ன பொண்ணு ஜெர்மன் கிளாஸ் போறா, ஹால்ல உக்காந்து இந்த வார்த்தையை சத்தமா படிச்சிட்டிருந்தா. என் வீட்டம்மா பேரனுக்குப் பழைய காட்டன் புடவையில தூளி கட்டிட்டிருந்தா, வாய்ல ஒரு முனையைக் கடிச்சுக்கிட்டே, "அதான் கொக்கில மாட்டறோம்ல, அதனால மாட்டெ"ன்னா! அஞ்சு நிமிஷம் கூட ஆகல, ஜெர்மன் வார்த்தை தமிழாயிடுச்சு.

நம்ம ஊர் பேருக்கே இந்தக் கதைதானே. வீர பல்லாள ராஜா பசியோட வந்தான், ஒரு கிழவி வெந்த பயறு குடுத்தா, பெந்த காளூருதான் பெங்களூரு ஆச்சுன்னு ஆட்டோ டிரைவர்லேர்ந்து வாத்தியார் வரைக்கும் சொல்றாங்க. அந்த ராஜா 12-ஆம் நூற்றாண்டுக் கடைசி, பேகூர் கோயில் கல்வெட்டுல 890 வாக்குலயே பெங்களூருன்னு செதுக்கியிருக்கே, அப்ப அந்தக் கிழவி யாருக்கு பயறு வேகவச்சா?

அடுத்த வாரம் மவுல்வுர்ஃப்னு அறிவிப்பு பார்த்தேன், மண்ணைத் தோண்டற மோல். மவுல்னா வாய், வுர்ஃப்னா எறியறது, வாயால எறியற பிராணின்னு மட்டும் போட்டுடாதீங்க. அது மண்ணைத் தள்றது முன்னங்காலால. பழைய ஜெர்மன்ல அதோட முன்பாதி மூ, அப்படின்னா குவியல், அந்த வாய் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது.

ஒரு வாசகர்,
அல்சூர், பெங்களூரு