மார்கழிப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்கழி பிறந்தால் உங்கள் நாளிதழில் தினம் ஒரு திருப்பாவைப் பாசுரம் உரையோடு வருகிறது. களியக்காவிளையில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன் நான். அவற்றைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைக்கிறேன். ஆனால் அதே மார்கழியின் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ வந்துவிடுகிற கிறிஸ்துமஸுக்கு நீங்கள் போடுவது கேக் செய்முறையும், சிவப்புத் தொப்பி மாட்டிய பள்ளிப் பிள்ளைகளின் படமும்தான். பாட்டு என்று ஒரு வரி கிடையாது. பாட்டுக்காகவே டிசம்பருக்குக் காத்திருக்கும் என் போன்றவர்களுக்கு இது பெரிய குறை.

நான் கிறிஸ்தவன் அல்ல. சபையின் ஆர்மோனியம் பழுதாகிக் கிடந்த ஒரு வருஷம் உபதேசியார் என்னைக் கூப்பிட்டார். சரி என்று, வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் குழுவோடு கிளம்பினேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. விடியற்காலையில் பஜனை, இரவில் கேரல். மார்கழிப் பனியில் துருத்தி விறைத்துக்கொள்ளும், ஒரு கட்டை அமுங்கினால் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். இருந்தாலும் விட மனம் வரவில்லை.

கேரல் பாட்டுகளில் பலவற்றை நம் காதாலேயே கேட்கலாம் என்பது நான் வாசித்து வாசித்துத் தெரிந்துகொண்டது. ‘ஜாய் டு தி வேர்ல்ட்’ தொடங்கும் அடியை ஸ்வரமாகச் சொல்லிப் பாருங்கள்: ச நி த ப ம க ரி ச. சங்கராபரண ராகத்தின் அவரோகணம், அதாவது இறங்கு வரிசை, ஒரு ஸ்வரம் பிசகாமல்! 1719-இல் ஐசக் வாட்ஸ் பைபிளின் 98-ஆம் சங்கீதத்தை வைத்து எழுதிய பாட்டு அது. அதில் மாட்டுத் தொழுவமும் இல்லை, மேய்ப்பரும் இல்லை. ஆனாலும் அது இல்லாமல் எங்கள் பக்கத்தில் கீத ஆராதனை முடியாது. ஹாண்டலின் ‘அல்லேலூயா’வும் அப்படித்தான். அது முதலில் அரங்கேறியது 1742 ஏப்ரலில், டப்ளின் நகரில். டிசம்பரில் அதைப் பாடத் தொடங்கும்போது பின்வரிசையில் நிற்கும் பாஸ் குரல்காரர்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள் பாருங்கள், அதைக் காணவே போகலாம்.

உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு மெட்டும் உண்டு. ‘கேள்! ஜென்மித்த ராயர்க்கே’ என்று பாமாலை என்னும் சபைப் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற பாட்டின் ஆங்கில மூலத்தைச் சார்லஸ் வெஸ்லி 1739-இல் எழுதினார். இன்று நாம் பாடும் மெட்டோ மெண்டல்சன் 1840-இல் அமைத்தது. எதற்காகத் தெரியுமா? அச்சுக்கலையின் 400-ஆம் ஆண்டு விழாவில் கூட்டன்பர்க்கைப் போற்றிப் பாடுவதற்காக. 1855-இல் வில்லியம் கம்மிங்ஸ் என்பவர் இரண்டையும் சேர்த்து வைத்தார். பத்திரிகைக்காரர்கள் இந்தப் பாட்டுக்காவது கடன்பட்டவர்கள் அல்லவா?

‘ஒப்பில்லா திருஇரா’, அதாவது ‘சைலன்ட் நைட்’ பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில் கிதாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடிய எளிய பாட்டு. வரிகள் ஜோசப் மோர், மெட்டு ஃப்ரான்ஸ் குரூபர். மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையில் தொட்டில் ஆட்டுவதுபோல் போக வேண்டியது. இப்போது சரக்கு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டி, டிரம்ஸ் அடித்து அதையும் ஓட வைக்கிறார்கள். குழந்தை எழுந்துவிடாதா?

ஆனால் என் மனதுக்கு மிக நெருக்கமானது இவற்றில் எதுவும் இல்லை, ‘ஆர் இவர் ஆராரோ’தான். நாங்கள் போகும் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் படியில் உட்கார்ந்து தொடையில் தாளம் தட்டியபடி அதைப் பாடுவார். எங்களைவிட அரை மாத்திரை பின்னால் வருவார். குழு அவருக்காகத் தாளத்தைத் தாழ்த்தும். நான் துருத்தியை ஏறக்குறைய மூடிவிட்டு சுருதியை மட்டும் விடுவேன். முடிந்ததும் முந்திரிக்கொத்தும் கட்டன் சாயாவும் வரும். பாறசாலையிலிருந்து வரும் மலையாளக் குழுவும் அதே படியில் நின்று ‘யஹூதியாயிலே’ பாடிவிட்டுத்தான் போகும்.

இப்படிப்பட்ட கீர்த்தனைகளைப் போடுங்கள் என்பதே என் வேண்டுகோள். பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். அப்படிக் கீர்த்தனைகள் எழுதிய தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரோடு படித்தவர். குற்றாலத்துக்கு ஒரு குறவஞ்சி இருப்பதுபோல் பெத்லகேமுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று 1800-இல் ‘பெத்லகேம் குறவஞ்சி’யைத் தந்தவர் அவர். கச்சேரிகளில் பாடப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளை வேறு. தயவுசெய்து பிள்ளையின் படத்தைச் சாஸ்திரியார் பாட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். சாஸ்திரியார் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. காப்புரிமைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

திருப்பாவையை எடுத்துவிட்டு இதைப் போடச் சொல்லவில்லை. ஆண்டாள் பாசுரத்துக்குக் கீழே விளம்பரம் போடுகிறீர்களே, பாத்திரக் கடை விளம்பரம், அந்த இடம் போதும். பாட்டு, ராகம், தாளம், அருஞ்சொல்லுக்குப் பொருள். டிசம்பர் 25 வரை போட்டால் போதும். எழுத்தை மட்டும் சற்றுப் பெரிதாகப் போடுங்கள். இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஆர்மோனியத்தின் மேல் விரித்து வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஆர்மோனியக்காரன்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.